ஏற்காட்டில் ஓடிய 14 அடி ஃபைபர் படகு: வாங்கும் முன் எதை, எப்படிச் சோதிப்பது?

கேள்வி: கொளத்தூர் பக்கம், பண்ணவாடிக்கு அருகே மேட்டூர் நீர்த்தேக்கத்தை ஒட்டி எங்களுக்கு நிலம் இருக்கிறது. ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதிக் குளத்தில் ஓடிய 14 அடி ஃபைபர் துடுப்புப் படகு இப்போது ஓமலூர் அருகே ஒரு கொட்டகையில் விலைக்குக் கிடக்கிறது. புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், பார்க்க நன்றாக இருக்கிறது. பின்னால் சின்ன இன்ஜின் மாட்டும் எண்ணமும் உண்டு. எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்:

நீங்கள் எழுதியதில் உறுத்துகிற இடம் அந்தப் புதுப் பெயின்ட்தான். ஃபைபர் படகுக்கு முதலில் பெயின்ட் கிடையாது. அச்சில் வார்க்கும்போதே நிறம் கலந்த ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் அளவுக்கு மேல் தோலாக அமைந்துவிடும். வெயிலில் அது மங்கி, விரலால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டும். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து மெழுகு பூசினால் பெரும்பாலும் பளபளப்பு திரும்பிவிடும். அதற்கு மேல் பெயின்ட் ஏறியிருந்தால் ஒன்று ஜெல்கோட் தேய்ந்து தீர்ந்துபோயிருக்க வேண்டும், இல்லை ஒட்டுவேலை மறைக்கப்பட்டிருக்க வேண்டும். விற்பவர் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்ட வேண்டாம். விடுதிப் படகுகளுக்கு சீசனுக்கு சீசன் நிறம் அடிப்பது வழக்கம். ஆனால் பெயின்ட்டைக் கணக்கில் சேர்க்காமல் படகைப் பாருங்கள்.

கண்ணாடி இழையும், அதைப் பிணைத்து இறுகும் பிசினான ரெசினும் சுலபத்தில் கெடுவதில்லை. நன்றாகச் செய்த கூடு 30 வருடம் தாண்டியும் உறுதியாக நிற்கும். கெடுவது அதற்குள் மூடி வைத்த மரமும், மிதவைக்காக அடைத்த நுரையும், இரண்டு பாகங்கள் சேரும் இணைப்பும்தான். இவை மூன்றும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றன. சோதனை முழுவதும் இவற்றைத் தேடித்தான்.

போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: கொத்தனார் நூல், 6 அடி அலுமினிய மட்டக்கட்டை, நல்ல எல்.இ.டி. டார்ச், பிளாஸ்டிக் தலை வைத்த சிறு சுத்தியல் (ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியும் போதும்), வெர்னியர் (கனம் அளக்கும் கருவி), கழுவினால் போகும் ஸ்கெட்ச் பேனா மை, லிட்மஸ் தாள், கண்ணுக்குக் கண்ணாடி. கூட நாலு பேர் வேண்டும், படகைக் கவிழ்க்க. கவிழ்க்க விடமாட்டேன் என்று சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

முதல் வேலை எடை. உங்களுடையது போன்ற 14 அடித் திறந்த துடுப்புப் படகு சாதாரணமாக 120 முதல் 180 கிலோவுக்குள் இருக்கும். நாலு பேர் திணறாமல் தூக்க வேண்டும். ஆறு பேர் போட்டும் அசையவில்லை என்றால் உள்ளே தண்ணீர் குடியிருக்கிறது. லாரி எடை மேடையில் நிறுத்திப் பார்க்கலாம், ஆனால் அதில் 5 கிலோ, 10 கிலோவாகத்தான் எண் நகரும். பழைய இரும்புக் கடைத் தராசு இதற்கு மேல். முன்முனையைத் தராசில் வைத்து, பின்முனையை ஒரு கட்டையில் அதே உயரத்துக்கு ஏற்றி ஒரு எடை எடுங்கள். பிறகு மாற்றி வைத்து இன்னொரு எடை. இரண்டையும் கூட்டினால் மொத்த எடை. இதில் இன்னொரு லாபம், பாரம் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். படகின் பின்பக்கம் அகலமானது, அது கொஞ்சம் கனமாக இருப்பது இயல்பு. முன்பக்கத்தைப்போல இரண்டு மடங்கு காட்டினால் பின்பலகையிலோ பின்னிருக்கைக்கு அடியிலுள்ள நுரையிலோ நீர் ஏறியிருக்கிறது. செய்தவர் சொன்ன எடை கிடைத்தால் ஒப்பிடுங்கள். கூடுதலாக வரும் ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. மண்பானை வாங்கும்போது தட்டுவோமே, காது அதே வேலையைத்தான் செய்கிறது. 3 அங்குலத்துக்கு ஒரு தட்டு என்று வரிசையாக, பின்பலகையிலிருந்து முன்னோக்கிப் போங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று கறாராகச் சத்தம் வந்து சுத்தியல் துள்ளும். இழை அடுக்குகள் பிரிந்த இடத்திலும் ஊறிய மரத்தின் மேலும் 'தொப்' என்று மந்தமாக இருக்கும், சுத்தியல் துள்ளாது. சத்தம் மாறும் இடத்தைச் சுற்றி மையால் கோடு போடுங்கள். உள்ளே குறுக்குச் சட்டமோ நுரையோ ஒட்டியிருக்கும் இடத்திலும் சத்தம் மாறும். ஆகவே படகின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் மாறினால் அது கட்டுமானம், ஒரு பக்கம் மட்டும் மாறினால் சேதம். அரை மணி நேரமாவது தட்டுங்கள், பத்து நிமிடத்துக்குப் பிறகுதான் காது பழகும்.

இப்போது பின்பலகை. படகின் பின்னால் நேராக நிற்கும் சுவர், இன்ஜின் தொங்கும் இடம். ஃபைபர் தோல் இரண்டுக்கு நடுவே ஒட்டுப்பலகை இருக்கும். தண்ணீர் அதற்குள் போவது மேல் விளிம்பின் வெடிப்பு வழியாகவோ, போல்ட் துளை வழியாகவோ, அடியில் இருக்கும் வடிகால் அடைப்பான் துளை வழியாகவோதான். இந்த மூன்றில் முதலில் அழுகுவது வடிகால் துளை. அடைப்பானைக் கழற்றி, குழலைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பலகையின் விளிம்பு வெளிறிய மர நிறத்தில் இருந்தால் நல்லது. கறுப்பாக, நகம் இறங்கும் அளவுக்கு மென்மையாக இருந்தால் உள்ளே அரையடி தூரத்துக்காவது போயிருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கொக்கிகளைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றுங்கள். காய்ந்து வந்தால் சரி. பழுப்பு நீர் கசிந்தாலோ, ஸ்க்ரூ பிடிமானமே இல்லாமல் சுற்றிக்கொண்டு வந்தாலோ பலகை போய்விட்டது. உரிமையாளர் சம்மதித்தால் உள்பக்கமாக, அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே 3 மி.மீ. பிட்டால் ஒரு துளை போட்டுப் பாருங்கள். பொடியாக, வெளிறிய தூள் வந்தால் நிம்மதி. பிட்டில் கறுத்த கூழ் ஒட்டிக்கொண்டு வந்தால் வேறு சோதனையே தேவையில்லை. துளையை எபாக்ஸியால் (இரண்டு பாகம் கலந்து இறுகும் பசை) அடைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள், அதுதான் மரியாதை.

இன்ஜின் மாட்டும் எண்ணம் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உல்லாசப் படகாகச் செய்த துடுப்புப் படகுகள் பலவற்றில் பின்பலகை இன்ஜினுக்காகச் செய்ததே இல்லை. வெறும் ஃபைபர் சுவராக இருக்கும், இல்லை ஒற்றை 12 மி.மீ. பலகை இருக்கும். வெர்னியரால் மேல் விளிம்பின் கனத்தை அளங்கள். சிறு பெட்ரோல் இன்ஜின் தாங்க 35 முதல் 40 மி.மீ. வேண்டும், அதாவது 18 மி.மீ. கடல்தரப் பலகை இரண்டு ஒட்டி, இருபக்கமும் ஃபைபர் போர்த்தியது. கூடவே பின்பலகையிலிருந்து அடிப்பகுதிக்கு முக்கோண முட்டுகள் இறங்கியிருக்க வேண்டும். இன்ஜினின் பாரத்தைவிட அதன் உந்துவிசைதான் பலகையை முன்னும் பின்னும் ஒடிக்கிறது. அந்த முட்டுகள் இல்லாமல் மாட்டினால், பின்பலகை அடியோடு சேரும் மூலையில் சில மாதங்களில் வெடிப்பு ஓடும். மேல் விளிம்பிலிருந்து அடிவரை உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 15 அங்குலத்துக்குக் குட்டைத் தண்டு இன்ஜின், 20 அங்குலத்துக்கு நெட்டைத் தண்டு. மாற்றி வாங்கினால் விசிறி ஒன்று காற்றைக் குடிக்கும், இல்லை தரையைத் தொடும்.

பலகை மெலிதாக இருந்தால் மின்மோட்டாரை யோசியுங்கள். 12 வோல்ட், 55 பவுண்டு இழுவிசை மோட்டார் சுமார் 10 கிலோதான். முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி, முழுவதும் வடித்துவிடாமல் வைத்துக்கொண்டால், முழு வேகத்தில் ஒரு மணி நேரம் கொடுக்கும். மெதுவாகப் போனால் பல மணி நேரம் வரும். பேட்டரி 30 கிலோ வரும், அதைப் பின்னால் வைக்காமல் நடுவில் வையுங்கள். மீன் பார்க்கவும் கரையோரம் சுற்றவும் இது தாராளம்.

தரைப்பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. உள்ளே ஏறி, வெறுங்காலுடன் குதிகாலை அழுத்தி நடங்கள். எங்கேனும் அமுங்கி எழுந்தால் அடியில் நெடுக்குச் சட்டம் விட்டுப்போயிருக்கிறது. சட்டம் பெரும்பாலும் மரம், மேலே ஃபைபர் போர்த்தியிருப்பார்கள். போர்வையின் ஓரம் அடிக்கூட்டோடு ஒட்டியிருக்கும் கோட்டில் வெள்ளைக் கீறல் ஓடுகிறதா என்று டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். ஃபைபர் மடங்கித் தளர்ந்தால் அந்த இடம் வெளிறும். பெயின்ட் அடித்திருந்தால் வெளிறல் தெரியாது, கீறல் மட்டும் தெரியும்.

இருக்கைகளுக்கு அடியில் மூடிய பெட்டிகள் இருக்கும். அதில் மிதவை நுரை. படகில் தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காமல் வைப்பது இதுதான். கணக்கு இப்படி: ஃபைபர் தண்ணீரைவிடக் கனமானது, முழுகிய நிலையில் கூட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மிதவை தேவை. 150 கிலோ கூட்டுக்கு 50 கிலோ. 30 கிலோ இன்ஜினுக்கு 20 கிலோ. தண்ணீரில் கிடந்தபடி படகைப் பிடித்துக்கொள்ளும் மூன்று பேருக்கு ஆளுக்கு 20 என்று 60. மொத்தம் 130 கிலோ, அதாவது 130 லிட்டருக்குக் கொஞ்சம் மேலாகக் காய்ந்த நுரை. டேப் வைத்துப் பெட்டிகளின் நீள, அகல, உயரத்தை அளந்து பெருக்கினால் இடம் போதுமா என்று தெரிந்துவிடும். ஆனால் பெட்டி இருப்பதும் அதில் காய்ந்த நுரை இருப்பதும் ஒன்றல்ல. ஆய்வு மூடி இருந்தால் திறந்து, கைக்கு எட்டும் நுரையைக் கிள்ளி எடுத்துப் பிழியுங்கள். மஞ்சள் நிற பாலியூரிதேன் நுரை தண்ணீரில் வருடக்கணக்கில் கிடந்தால் ஸ்பாஞ்ச் ஆகிவிடும், வெயிலில் வைத்தாலும் காயாது, வெட்டி எடுத்துப் புதிதாகத்தான் போட வேண்டும். வெள்ளை தெர்மாகோல் அடைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை: பாலியஸ்டர் ரெசின் பட்டால் தெர்மாகோல் கரைந்து ஓடிவிடும். அந்த இடத்தில் ஒட்டுவேலை செய்ய வருபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

படகைக் கவிழ்த்த பிறகு அடிப்பகுதி. ஏற்காட்டுக் குளத்தில் கிடந்த படகு என்பதால் இங்கே கூடுதல் கவனம் தேவை. 'உப்புத்தண்ணிதான் படகைத் தின்னும், நல்ல தண்ணியில ஒண்ணும் ஆகாது' என்று விற்பவர் சொல்வார். இன்ஜினுக்கும் இரும்புக்கும் அது சரி, ஃபைபருக்கு நேர்மாறு. ஜெல்கோட் தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை. ஆவியாக மிக மெல்ல உள்ளே விடும். உள்ளே சரியாக இறுகாத ரெசினின் மிச்சங்களை அது கரைத்து அடர்த்தியான திரவமாகிறது. அந்தத் திரவம் வெளியே இருக்கும் தண்ணீரை இன்னும் இன்னும் இழுக்கும். வெளியே உப்பில்லாத நீர் என்றால் இழுப்பு அதிகம், கடல்நீர் என்றால் குறைவு. இழுத்த நீர் போக இடமில்லாமல் ஜெல்கோட்டைக் கொப்புளமாகத் தூக்குகிறது. வருடம் முழுக்க நன்னீரிலேயே கட்டிப்போட்டிருந்த படகுக்கு இது வர வாய்ப்பு அதிகம். இரவில் கரையேற்றி வைக்கும் படகுக்குக் குறைவு. ஆகவே விற்பவரிடம் எத்தனை வருடப் படகு என்று கேட்பதைவிட, ராத்திரி எங்கே நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள்.

கொட்டகையில் மாதக்கணக்கில் காய்ந்த படகில் கொப்புளம் அமுங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும். டார்ச்சை அடிப்பகுதிக்கு இணையாகக் கிடத்தி அடியுங்கள், மேடுகள் நிழல் காட்டும். உள்ளங்கையை நனைத்து மெல்லத் தடவினால் கண்ணுக்குத் தப்பியதும் கைக்குச் சிக்கும். ஒன்றை ஆணியால் குத்திப் பார்க்கலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு குத்துங்கள், உள்ளே அழுத்தம் இருக்கும். வெறும் தண்ணீர் வந்து, அடியில் ஜெல்கோட் முழுதாக இருந்தால் அது பெயின்ட் கொப்புளம், கவலை இல்லை. பிசுபிசுப்பான திரவம், வினிகர் நெடி, நீல லிட்மஸ் சிவப்பாக மாறுகிறது என்றால் ஃபைபர் கொப்புளம். பத்து மி.மீ.க்குள் ஆங்காங்கே நாலைந்து இருந்தால் தோண்டி, கழுவி, நன்றாக உலரவிட்டு எபாக்ஸி நிரப்பினால் தீர்ந்தது. அடி முழுக்க உள்ளங்கை அகலத்துக்குப் பத்து என்று இருந்தால் ஜெல்கோட்டையே உரித்து, மாதக்கணக்கில் காயவைத்து, திரும்பப் போர்த்த வேண்டும். 14 அடிப் படகுக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது.

அங்கேயே வடிவத்தையும் பார்த்துவிடுங்கள். மட்டக்கட்டையை நடுமுதுகுக்கு இணையாக, பின்பலகையிலிருந்து முன்னோக்கி வையுங்கள். பின்பக்க 4, 5 அடி நேராக இருக்க வேண்டும். கட்டைக்கும் அடிக்கும் நடுவே 3, 4 மி.மீ. இடைவெளி தெரிந்தால் படகு ஏதோ இரண்டு கட்டைகள் மேல் வருடக்கணக்கில் கிடந்து அமுங்கியிருக்கிறது. துடுப்புப் படகுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. இன்ஜின் வைத்தால் மூக்கைத் தண்ணீருக்குள் அழுத்தும், இல்லை குதித்துக் குதித்து ஓடும். பிறகு கொத்தனார் நூலை முன்முனையிலிருந்து பின்பலகையின் இரண்டு மூலைக்கும் இழுத்து அளங்கள். நீளத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் கூடு முறுகியிருக்கிறது, எவ்வளவு துடுப்புப் போட்டாலும் ஒரு பக்கமே போகும்.

கீறல்களில் பயப்பட வேண்டியது எது? மேலோட்டமான முடிக்கீறல்களின் மேல் மையைத் தடவித் துணியால் துடைத்தால், கீறல்களில் மட்டும் மை தங்கி வரைபடம் தெரியும். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரமாகக் கிளம்பினால் அடி வாங்கிய இடம். உள்பக்கம் அதே இடத்தைப் பாருங்கள், வெளிறியோ உப்பியோ இருந்தால் அடுக்கு பிரிந்திருக்கிறது. இல்லையென்றால் ஜெல்கோட் மட்டும்தான். மூலைகளில் இணைகோடுகளாக ஓடுவது வேறு: அந்த இடம் ஓட்டத்தில் தொடர்ந்து மடங்குகிறது, மேலே பூசினாலும் திரும்ப வரும். உள்ளே வலுவூட்டாமல் பூசுகிற பூச்சுக்குக் காசு தண்டம்.

கனத்தை வடிகால் துளையிலோ போல்ட் துளையிலோ வெர்னியரால் அளக்கலாம். 14 அடிக்கு அடியில் 5 முதல் 6 மி.மீ., பக்கத்தில் 3 முதல் 4 இருந்தால் ஏற்கலாம். சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் (கண்ணாடி இழைத் துண்டுகளாலான விரிப்பு) ஒரு அடுக்கு சுமார் ஒரு மி.மீ. கனம் தரும், 600 கிராம் ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி) ஒரு அடுக்கு முக்கால் மி.மீ., ஜெல்கோட் அரை மி.மீ. ஆகவே அடியில் குறைந்தது மூன்று மேட்டும் இரண்டு ரோவிங்கும் போயிருக்க வேண்டும். ஏற்காட்டுக் குளத்துக்கு மெலிந்த படகு போதும், நீங்கள் கொண்டுபோகும் இடம் அப்படியில்லை. மேட்டூரில் முழு நீர்மட்டம் 120 அடி, அதற்குக் கீழே மட்டம் ஆண்டுதோறும் ஏறி இறங்கும். பண்ணவாடிக் கரையில் மட்டம் இறங்க இறங்க நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்குள் பாறையும் பழைய கட்டடமும் மரத்தூரும் இருக்கும் இடம் அது. கரையும் நகர்ந்துகொண்டே இருப்பதால் படகைக் கல் மேல் இழுப்பது அடிக்கடி நடக்கும். ஏராவில், அதாவது நடுமுதுகில், ஜெல்கோட் தேய்ந்து இழை வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். வெளியே நீட்டும் இழை திரிபோலத் தண்ணீரை உள்ளே இழுக்கும். தேய்ந்திருந்தாலும் அது விலையைக் குறைக்கும் காரணம்தானே தவிர, படகை ஒதுக்கும் காரணமில்லை. இரண்டு அடுக்கு மேட்டும் அதன்மேல் ஒரு ஸ்டீல் பட்டையும் போட்டால் தீர்ந்தது.

ஒட்டுவேலை நடந்த இடங்களைத் தேடுங்கள். ராத்திரி படகுக்குள் வலுவான டார்ச்சை அடித்து வெளியே நின்று பார்த்தால், ஒற்றைத் தோல் படகில் வெளிச்சம் மங்கலாக ஊடுருவும், பழைய ஒட்டு இருண்ட திட்டாகத் தெரியும். பெயின்ட் கனமாக இருந்தால் இது வேலை செய்யாது, தட்டும் சத்தத்தை நம்ப வேண்டியதுதான். நம் பக்கத்தில் பஸ், லாரி பாடி வேலைக்குக் குறைவில்லை. அங்கே பள்ளம் நிரப்பும் அதே கார் பட்டியைப் படகின் அடியிலும் பூசிவிடுகிறார்கள். அந்தப் பட்டியில் டால்க் தூள் நிறைய, தண்ணீர் குடித்து உப்பிப் பெயர்ந்து வரும். சந்தேகமான இடத்தில் உப்புத்தாள் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் அல்லது இளஞ்சிவப்பு மாவாக வந்தால் பட்டி, கண்ணாடி இழையின் மினுக்கம் தெரிந்தால் முறையான ஒட்டு. குளியலறை சிலிகான் பூசிய இணைப்புகளும் தொல்லைதான், அதன் எண்ணெய்ப்பசை போகாமல் அந்த இடத்தில் எதுவும் ஒட்டாது.

இரும்புச் சாமான்களில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துடுப்புக் கொக்கிகளைப் பிடித்து ஆட்டுங்கள், அடியில் இருக்கும் கட்டை அழுகியிருந்தால் ஆடும். துருக் கண்ணீர் வழிந்த போல்ட்டை மாற்றிவிடலாம்.

கடைசியாகத் தண்ணீர். தரையிலேயே படகுக்குள் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்கச் சொல்வார்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். 14 அடிப் படகில் 4 அங்குலம் நின்றாலே 350, 400 கிலோ பாரம், வெளியிலிருந்து தாங்கும் தண்ணீர் இல்லாதபோது கூடு பிளந்துவிடும். நிரப்பினால் அடியில் நாலு இடத்தில் மணல் மூட்டை முட்டுக்கொடுங்கள். இதைவிட நல்ல வழி ஏரியில் இறக்கிப் பார்ப்பது. உள்ளே துணியால் ஒட்ட உலர்த்தி, இணைப்புகள், பின்மூலை, வடிகால் இவற்றின் ஓரமாகக் கோலப்பொடியைத் தூவுங்கள். இரண்டு பேர் ஏறி அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். கசிவு துளியாக இருந்தாலும் பொடி நனைந்து கோடாகக் கருக்கும், எந்த இடம் என்று தேட வேண்டியதில்லை. ஆளில்லாமல் விட்டபோது ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அந்தப் பக்கத்து நுரை ஊறியிருக்கிறது.

இன்ஜினும் சேர்த்துத் தருகிறார்கள் என்றால் அதற்குத் தனிச் சோதனை வேண்டும். இரண்டு சிலிண்டர் என்றால் கம்ப்ரஷன் இரண்டிலும் 10 சதவீதத்துக்குள் ஒத்திருக்க வேண்டும், ஓடும்போது குளிர்நீர் பீச்ச வேண்டும். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஏற்காட்டில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் சக்தி 15 சதவீதம் வரை குறையும். அதற்கு ஈடாக மேலே கார்புரேட்டரில் சின்ன ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போட்டிருந்தால், கீழே மேட்டூரில் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஜெட்டை மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

விலை பேசும்போது பார்த்த குறைகளைச் செலவாக மாற்றுங்கள். பின்பலகை மாற்ற ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கடல்தரப் பலகை கேளுங்கள், கட்டில் செய்யும் சாதாரணப் பலகை இரண்டு மழைக்குத் தாங்காது. மேட்டின் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின் ஆகும்: ஒரு சதுர மீட்டர் 450 கிராம் மேட்டுக்கு ஒரு கிலோ நூறு கிராம். வெடித்த இடத்தை ஒட்டும்போது கனத்தைப்போல 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும், 5 மி.மீ. கூட்டுக்குச் சுற்றிலும் 6 செ.மீ. சேலத்தில் ஃபைபர் கதவு, தொட்டி செய்பவர்கள் இந்த வேலையைச் செய்வார்கள், ஆனால் தேய்க்காமல் மேலே ஒட்டித் தருவது அவர்கள் பழக்கம், நின்று பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்களே செய்தால் சேலத்துச் சித்திரை வெயிலில் காலை 8 மணிக்கு முன் முடியுங்கள். கிலோ ரெசினுக்கு 10 மில்லி கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) கலந்தாலே மதியத்தில் பத்து நிமிடத்தில் டப்பாவிலேயே கட்டியாகிவிடும். கேட்டலிஸ்ட்டையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேராக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது, வெடிக்கும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் கலக்கி முடித்த பிறகே கேட்டலிஸ்ட்.

என் கணக்கு இதுதான்: ஒரே ஒரு பெரிய வேலை இருந்தால் வாங்கலாம். பின்பலகை மட்டும் போயிருந்தால் மாற்றலாம், நுரை மட்டும் ஊறியிருந்தால் மாற்றலாம். இரண்டும் போய், அடியில் கொப்புளமும் இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்திலிருந்து மீன்பிடி ஃபைபர் படகு வந்தால் அதையும் பாருங்கள். அவை கனமாகச் செய்தவை, ஏரா தேய்ந்திருக்கும், கொப்புளம் குறைவு. அங்கிருந்து வாங்கினால் மீன்வளத்துறைப் பதிவை உரிமையாளர் ரத்து செய்துவிட்டாரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேட்டூரில் வலை போட மீன்வளத்துறை உரிமம் வேண்டும். இன்ஜின் வைத்தால் 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவும் ஆய்வுச் சான்றும் கேட்பார்கள், வாங்கும் முன் விசாரியுங்கள்.

ஓமலூரிலிருந்து ஏற்றும்போது டாடா ஏஸ் போதாது, அதன் தளம் 7 அடிதான், பாதிப் படகு வெளியே தொங்கி அடிப்பகுதி பின்கதவு விளிம்பில் மடங்கும். 14 அடி பாடி லாரியில், படகைக் கவிழ்த்து, மேல் விளிம்பு பழைய டயர்களில் உட்காரும்படி வையுங்கள். கயிற்றை அடிமுதுகின் குறுக்கே போட்டு, கயிறு படும் இடத்தில் கோணி மடித்து வையுங்கள். இறக்கிய பிறகு நிலத்தில் வைக்கும்போதும் கவிழ்த்தே வையுங்கள். நிமிர்த்து வைத்தால் ஆடி மழையும் இலைச்சருகும் தேங்கி, காய்ந்து வாங்கிய பின்பலகை ஒரே வருடத்தில் ஊறிவிடும்.